காசு இருந்தும் ஜனாதிபதித் தேர்தல் கைநழுவுவது ஏன்?

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் முடிந்த பின், வேட்பாளர்கள் தங்கள் செலவுக் கணக்கைத் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தார்கள். முதல் மூன்று இடங்களுக்கு வந்தவர்கள் காட்டிய தொகை ஏறக்குறைய இது: சஜித் பிரேமதாச 113 கோடி ரூபாய், ரணில் விக்கிரமசிங்க 99 கோடி, அநுர குமார திசாநாயக்க 53 கோடி. இதைக் கிடைத்த வாக்குகளால் வகுத்துப் பாருங்கள். ரணிலுக்கு ஒரு வாக்குக்குச் சுமார் 430 ரூபாய், சஜித்துக்கு 259, அநுரவுக்கு 94. மூவரில் ஆகக் குறைவாகச் செலவழித்தவர்தான் ஜனாதிபதி ஆனார்.

இதைப் பார்த்து “தேர்தலில் காசு வேலை செய்யாது” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 53 கோடி சின்னத் தொகை அல்ல. அத்தோடு அதே அநுர, அதே திசைகாட்டிச் சின்னத்தில் 2019இல் வாங்கியது 4,18,553 வாக்குகள், அதாவது 3.16 சதவீதம்தான். ஐந்து ஆண்டுகளில் அது 42.31 சதவீதமானது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்து போனது. ஆகவே சரியான கேள்வி வேறு: காசு தேர்தலில் எந்த வேலையைச் செய்கிறது, எந்த வேலையைச் செய்யாது? இது விளங்கினால், பெரிய பிரசாரங்கள் தோற்கும் விதமும் விளங்கிவிடும்.

முதலில் அளவைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். பதிவான வாக்காளர்கள் 1,71,40,354 பேர். பெருக்கினால் 186 கோடியே 83 இலட்சம் வரும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் 109 ரூபாய் என்றால் கொழும்பு சாப்பாட்டுக் கடையில் ஒரு பிளேன்டீயும் ஒரு வடையும்தான். ஒரு மனிதரின் மனதை மாற்றுவதற்கு ஐந்து வாரத்தில் அவ்வளவுதான் கையில் இருக்கிறது. அதிலும் மேலே சொன்ன மூவரும் அந்த உச்சவரம்பைத் தொடவில்லை. காசு போதாமல் யாரும் தோற்கவில்லை. போன இடம்தான் விஷயம்.

காசு வாங்கித் தருவது காதை மட்டும்

ஒரு வேட்பாளரின் பெயரும் சின்னமும் முகமும் நாட்டில் யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அவர் செலவழிக்கும் முதல் ஒரு கோடி நன்றாக வேலை செய்யும். பெயர் தெரியவரும், “யார் இவர்?” என்று நான்கு பேர் கேட்பார்கள். பத்தாவது கோடி அதைவிடக் குறைவாக வேலை செய்யும். நூறாவது கோடி, ஏற்கெனவே நாற்பது தடவை அவரைப் பார்த்தவருக்கு நாற்பத்தோராவது தடவையும் காட்டுகிறது. அந்த மனிதர் ரிமோட்டை எடுத்து வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்.

பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கும், முப்பது வருடம் அரசியலில் இருப்பவருக்கும் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அவர்களைத் தெரியாதவர் யாருமில்லை. அவர்களைப் பற்றி எல்லோரும் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அறிமுகம் தேவையில்லாத ஒருவருக்காக அறிமுக விளம்பரத்தில் கொட்டும் காசு தண்ணீரில் கரைத்த உப்புத்தான்.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய உதாரணங்கள் உண்டு. நியூயோர்க்கின் முன்னாள் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 2019 நவம்பரில் ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கான போட்டியில் இறங்கினார். சொந்தக் காசில் நூறு கோடி டொலருக்கு மேல் செலவழித்தார். 2020 மார்ச் 3இல் பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்தபோது அவர் முதலிடம் பெற்ற ஒரே இடம் அமெரிக்க சமோவா என்ற தீவுப் பிரதேசம். மறுநாளே விலகினார். பேரை எல்லோருக்கும் தெரிய வைத்தது அந்தக் காசு. தெரிந்துகொண்டவர்கள் விவாத மேடையில் அவரைப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 1980இல் குடியரசுக் கட்சிப் போட்டியில் ஜோன் கொனலி 1 கோடியே 10 இலட்சம் டொலர் வரை செலவழித்து, மாநாட்டுக்கு ஒரே ஒரு பிரதிநிதியைத்தான் வென்றார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காசு அதிகம் உள்ளவர் பல தடவை வெல்கிறார்தான். ஆனால் அதில் எது முன், எது பின்? வெல்லப் போகிறார் என்று தெரிந்தவரிடம் வியாபாரிகள் தாமாகவே போய்க் கொடுக்கிறார்கள். கொழும்பில் பெரிய வியாபாரம் செய்பவர்களில் இரண்டு பக்கமும் கொடுத்து வைப்பவர்கள் உண்டு. அப்படி வரும் பணம் ஒரு முன்கூட்டிய காப்புறுதி. கொடுத்தவரின் வீட்டில் உள்ள ஐந்து வாக்குகளும் அதோடு சேர்ந்து வருகின்றன என்று எந்த நிச்சயமும் இல்லை. காசு வந்து குவிவதை மக்கள் ஆதரவு என்று எண்ணிக்கொள்வதுதான் வசதியான பிரசாரங்கள் விடும் முதல் பிழை.

பணப்பையும் விளம்பரமும் மோதும்போது

2024இல் ரணிலின் சின்னம் எரிவாயு சிலிண்டர். 2022இல் மக்கள் நாட்கணக்கில் சிலிண்டருடன் வரிசையில் நின்றார்கள், அந்த வரிசையை முடித்தவர் இவர் என்பது செய்தி. செய்தியில் உண்மை இருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. 2024 செப்டெம்பரில் அது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. பொருளாதார வல்லுநருக்கு இது பெரிய சாதனை.

ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. விலை ஏறும் வேகம்தான் நின்றது. 100 ரூபாய்ப் பொருள் 250 ஆகி, அப்படியே 250இல் நின்றால் பணவீக்கம் பூச்சியம். விளம்பரம் “ஏற்றம் நின்றுவிட்டது” என்று சொல்கிறது. கொட்டாஞ்சேனைச் சந்தையில் நிற்கும் அம்மா 2021இல் கொடுத்த 100 ரூபாயையும் இன்றைய 250 ரூபாயையும் ஒப்பிடுகிறார். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறிய மின்கட்டணம், அதற்குப் பிறகு ஓரளவு இறங்கினாலும், பில்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவருக்கு ஞாபகம் வரும். விளம்பரம் வாரத்துக்கு ஏழு தடவை வந்தால், பணப்பை நாளுக்கு ஏழு தடவை திறக்கிறது. அந்தப் போட்டியில் விளம்பரம் வெல்லவே முடியாது.

மலையகத்திலும் இதே கதை. 2024 மே 1 அன்று கொட்டகலையில் தோட்டத் தொழிலாளருக்கு 1,700 ரூபாய் நாட்சம்பளம் என்று அப்போதைய ஜனாதிபதி ரணில் அறிவித்தார். வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வாக்களிப்பு நாள் வரை 1,700 முழுதாகக் கைக்கு வரவில்லை. மலையகத் தொழிற்சங்கக் கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அவருக்கு ஆதரவளித்திருந்தும் நுவரெலியா மாவட்டத்தில் சஜித்துக்கு 2,01,814 வாக்கு, ரணிலுக்கு 1,38,619. சொல்லப்பட்ட தொகையும் சம்பளச் சீட்டில் இருந்த தொகையும் வேறுவேறாக இருக்கும்போது, அந்த இடைவெளியை ஒட்டிவைக்கச் சுவரொட்டிக்குப் பசை கிடையாது.

வழியில் ஒழுகும் காசு

இப்போது காசு எந்த வழியாக இறங்குகிறது என்று பார்ப்போம். தலைமையகத்திலிருந்து மாவட்டத் தலைவருக்கு, அவரிடமிருந்து தொகுதி அமைப்பாளருக்கு, அவரிடமிருந்து வட்டாரக் கிளைக்கு, கிளையிலிருந்து வீதிக்கு. நான்கு படி. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நிற்கும். திருட்டு என்று மட்டும் நினைக்க வேண்டாம், இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிடுபவர் ஒருவர். அவருக்காக வேலை செய்பவரோ அடுத்து வரப்போகும் பாராளுமன்றத் தேர்தலில், கட்சிப் பட்டியலுக்குள் தன் பெயருக்கு விழும் விருப்பு வாக்கைப் பற்றி யோசிப்பவர். 2024இல் அந்தத் தேர்தல் நவம்பர் 14இலேயே வந்தது, எட்டு வாரம்கூட இல்லை. அப்படியிருக்கக் கையில் வந்த காசில் ஒரு பங்கைத் தனக்கென்று ஒதுக்கி வைக்காத அமைப்பாளர் அரிது. சுவரொட்டியில் வேட்பாளரின் முகத்தைவிடத் தன் முகம் பெரிதாக அச்சடிப்பவர்களையும் பார்க்கலாம்.

கூட்டம் போடுவது இந்த ஒழுகலின் பெரிய ஓட்டை. ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். 100 பஸ், பஸ்ஸுக்கு 50 பேர், மொத்தம் 5,000 பேர். பஸ் வாடகை தலா 40,000 ரூபாய் என்றால் 40 இலட்சம். சாப்பாட்டுப் பார்சல் 500 ரூபாய் வீதம் 25 இலட்சம். மேடை, ஒலிபெருக்கி, எல்ஈடி திரை, ட்ரோன் எல்லாம் தனி. வந்த 5,000 பேரில் பெரும்பாலோர் முன்பே முடிவெடுத்தவர்கள். நேற்று கம்பஹாவில் நின்ற அதே முகங்கள் இன்று கொலன்னாவையிலும் நிற்கும். ட்ரோன் படம் வடிவாக வரும், வேட்பாளருக்கும் மனம் நிறையும். புதிதாக ஒரு வாக்கு வந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

கூட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தொண்டர்களுக்கு அது தேவை, சோர்ந்த கிளைக்கு உயிர் வரும். ஆனால் கூட்டத்தின் அளவை வைத்து வெற்றியைக் கணிக்கும் பிரசாரம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது.

வீட்டு வாசலில் நடப்பது

இனி ஒழுகாத செலவு ஒன்றைச் சொல்கிறோம். வீடு வீடாகப் போவது. 2024இல் நாடு முழுக்க 13,400க்கு மேற்பட்ட வாக்களிப்பு நிலையங்கள் இருந்தன. சராசரியாக ஒரு நிலையத்துக்கு 1,280 வாக்காளர். வீட்டுக்கு மூன்று சொச்சம் வாக்கு என்று பிடித்தால் 400 வீடு. இரண்டு பேர் சேர்ந்து மாலை ஆறிலிருந்து எட்டரை வரை போனால் 20 வீட்டை ஒழுங்காகப் பார்க்கலாம். அதாவது ஒரு சுற்று முடிய 20 மாலைகள். வேட்புமனு கொடுத்தது ஓகஸ்ட் 15, பிரசாரம் செப்டெம்பர் 18 நள்ளிரவோடு முடிந்தது. இடையில் 35 நாள். ஒரு சுற்று முடியும், “பார்ப்போம்” என்றவர்களிடம் இரண்டாவது தடவை போகவும் கொஞ்சம் நேரம் மிஞ்சும். மழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் அந்த மிச்சமும் போய்விடும்.

இதற்கு வேண்டிய ஆட்கள் 26,800 பேர். ஒரு மாலைக்கு ஒருவருக்கு 2,000 ரூபாய் கொடுத்து ஆள் பிடித்தால் 107 கோடி ஆகும். சட்டம் அனுமதிக்கும் மொத்தச் செலவில் பாதிக்கு மேல். கொடுத்தாலும் வருபவர் ஊருக்குப் புதியவர். துண்டுப்பிரசுரத்தைக் கேட்டில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அதே வேலையை அந்த வீதியிலேயே இருக்கும் ஒருவர், நான்கு வருடமாகக் கிளைக் கூட்டத்துக்குப் போய்வருபவர், சம்பளமில்லாமல் செய்வார். “தம்பி, உள்ளுக்கு வாங்கோ” என்று கதிரை போடுவார்கள். அநுரவின் தேசிய மக்கள் சக்தியின் கணக்கில் 53 கோடி மட்டும் இருந்ததற்கு இந்தச் சம்பளமில்லாத உழைப்பும் ஒரு காரணம். செலவறிக்கையில் தொண்டரின் மாலைப்பொழுதுக்கு விலை போடுவதில்லை.

கொழும்பில் தமிழ் வீடுகளுக்குப் போகும்போது முதல் கேள்வி “யாருக்குப் போடுவீர்கள்?” அல்ல. “உங்கட வாக்கு எங்கே பதிவு?” என்பதுதான். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் இருப்பவரின் பெயர் யாழ்ப்பாணத்து வாக்காளர் இடாப்பில் இருக்கலாம். புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் பொடியன் ஹட்டனிலோ பதுளையிலோ பதிவாகியிருக்கலாம். இதைக் கேட்காமல் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தால், அந்த நிலையத்துக்கு அந்தப் பேச்சால் ஒரு வாக்கும் சேராது. அடுத்து, பெரும்பாலும் கேட்க வேண்டும், பேசுவது குறைவாக இருக்க வேண்டும். படியில் நின்று வாதாடக் கூடாது. வெளியே வந்து ஒழுங்கை திரும்பிய பிறகுதான் கொப்பியில் குறிக்க வேண்டும்: ஆம், இல்லை, பார்ப்போம். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கக் குறித்தால், அந்த வீட்டுக் கதவு அடுத்த தடவை திறக்காது. “இல்லை” என்று தெரிந்த வீட்டை அடித்துத் தள்ளிவிட்டு, “பார்ப்போம்” வீட்டுக்கு மட்டும் திரும்பிப் போக வேண்டும். காசுள்ள பிரசாரம் மூன்று வகை வீட்டுக்கும் ஒரே துண்டுப்பிரசுரத்தை மூன்று தடவை அனுப்புகிறது.

துண்டுப்பிரசுரம் என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. சிங்களத்தில் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, கடைசி வாரத்தில் அச்சுக்கு அனுப்புகிறார்கள். எழுத்துரு உடைந்து, கொம்பு ஒரு வரியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் நிற்கும். ஆயிரக்கணக்கில் அச்சடித்த அந்தத் தாள், படிக்கும் தமிழருக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: அச்சுக்கு முன் இதை ஒரு தமிழரும் படித்துப் பார்க்கவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் அரை மணித்தியாலம் மெய்ப்புப் பார்த்தால் தீரும் குறை இது. மனம் வருந்தத்தான் செய்கிறது.

எந்த இடத்து வாக்கு?

அமெரிக்காவில் 2016இல் ஹிலாரி கிளிண்டன், டொனால்ட் ட்ரம்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு பணம் திரட்டினார். நாடு முழுக்கக் கூட்டினால் 28 இலட்சத்துக்கு மேல் கூடுதல் வாக்கும் பெற்றார். ஆனாலும் தோற்றார், ஏனென்றால் அங்கே மாநிலம் மாநிலமாகத்தான் எண்ணிக்கை. மிச்சிகனில் 10,704, விஸ்கொன்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 வாக்குகளால் பின்தங்கினார். மூன்றும் சேர்ந்து 77,744. கட்சி மாநாட்டுக்குப் பிறகு வாக்களிப்பு வரை அவர் விஸ்கொன்சினுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. நிச்சயம் நம்முடையது என்று நினைத்த இடத்தைக் கைவிட்டதற்கு, வேறிடத்தில் கிடைத்த இலட்சக்கணக்கான வாக்கு ஈடாகவில்லை. 2024இல் கமலா ஹாரிஸ் நூறு கோடி டொலருக்கு மேல் திரட்டினார், மாநிலங்களின் தேர்வாளர் வாக்கில் 312க்கு 226 என்று தோற்றார். அவரிடம் இருந்தது 107 நாள். நாட்களைக் கடையில் வாங்க முடியாது.

இலங்கையில் முழு நாடும் ஒரே தொகுதி. முதல் எண்ணிக்கையிலேயே வெல்ல, அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். பருத்தித்துறையில் விழும் வாக்கும் தெவுந்தரையில் விழும் வாக்கும் ஒரே எடை. இதனால் இங்கே வேறு விதமான பிழை நடக்கிறது: தன் கோட்டைக்குள்ளேயே காசைக் கொட்டுவது.

2015ஐ எடுத்துப் பாருங்கள், இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. மஹிந்த ராஜபக்ஷ பதவியில் இருந்தார், போரை முடித்தவர் என்ற பெயர் இருந்தது, எல்லாப் பக்கமும் கட்அவுட் நின்றது. மைத்திரிபால சிறிசேன அரசாங்கத்தை விட்டு வெளியே வந்தது 2014 நவம்பர் 21, வாக்களிப்புக்கு 48 நாள் முன்பு. மஹிந்த 2010இல் பெற்ற வாக்கு 60,15,934. 2015இல் 57,68,090. சுமார் இரண்டரை இலட்சம்தான் குறைந்தது. அவருடைய கோட்டை ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் 2010இல் சரத் பொன்சேகா பெற்ற 41,73,185, மைத்திரிபாலவிடம் 62,17,162 ஆனது. இருபது இலட்சம் கூடுதல். வாக்களிப்பு வீதம் 74.5இலிருந்து 81.5க்கு ஏறியிருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 25.66 சதவீதம் 66.28 சதவீதமாக உயர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் மைத்திரிபாலவின் முன்னிலை 1,79,120. நுவரெலியாவில் 1,27,266. இரண்டு மாவட்டமும் சேர்ந்தால் மூன்று இலட்சத்துக்கு மேல். நாடு முழுவதும் அவர் வென்ற வித்தியாசமே 4,49,072தான். தென்னிலங்கையில் நடந்த கட்சி மாறல்களும் மீதியில் ஒரு பங்கைச் செய்தன. மஹிந்தவின் காசும் அதிகாரமும் தன் வாக்கைக் காத்துக்கொடுத்தன. 2010இல் வீட்டில் இருந்தவர்கள் இந்தத் தடவை புறப்பட்டு வருவதை அவற்றால் நிறுத்த முடியவில்லை. கோட்டை மதிலுக்குப் பூச்சுப் பூசுவதற்கும் வெளியே வாசல் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மறுபக்கமும் உண்டு. 2005இல் ரணில் தோற்றது 1,80,786 வாக்குகளால். அன்று புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.21 சதவீதம்தான் வாக்களித்தார்கள். பதிவானவர்களோ ஏழு இலட்சம். அந்தக் கதவு மூடியபோது எந்தப் பிரசாரச் செலவும் அதைத் திறந்திருக்காது.

பழைய வாக்கு வங்கியும் நிலையானதல்ல. 2019இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 3,12,722 வாக்கு. 2024இல் 1,21,177. தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 1,16,688, ரணில் 84,558. முன்பு ஒரே பையில் இருந்தது மூன்றாகப் பிரிந்தது. போன தடவைக் கணக்கை இந்தத் தடவை வரவு செலவுத் திட்டத்தில் எழுதி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஜனாதிபதித் தேர்தலின் விருப்பு வாக்கு பற்றி நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதற்குக் காசே தேவையில்லை. வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூவருக்கு வரிசைப்படி இடலாம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவர் தவிர்ந்த மற்றவர்களின் சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பைப் பார்ப்பார்கள். 2024இல்தான் முதல் தடவையாக அது நடந்தது. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த செல்லுபடியான வாக்கு 33 இலட்சத்துக்கு மேல். அதில் அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867 விருப்பு வாக்குகள்தான் வந்து சேர்ந்தன. நூற்றுக்கு எட்டு. மற்றச் சீட்டுகளில் ஒற்றைப் புள்ளடியோ ஒற்றை 1ஓ மட்டும், அல்லது விருப்பு இருந்தாலும் வெளியேறியவர்களுக்கே. இரண்டாவதாக வந்தவர் 12,71,880 வாக்குகளால் பின்தங்கி நின்றபோது, எட்டக்கூடிய ஒரே ஏணி அதுதான். “உங்களுக்குப் பிடித்தவருக்கு 1 போடுங்கள், எனக்கு 2 போடுங்கள்” என்று மேடையில் கேட்பது ஒரே வாக்கியம். ஆனால் மேடைகளில் பெரும்பாலும் கேட்டது “எனக்கு மட்டும் போடுங்கள்” என்பதுதான்.

அதே தேர்தலில் செல்லுபடியற்ற வாக்கு 3,00,300. அரியநேத்திரனுக்கு நாடு முழுக்கக் கிடைத்த 2,26,343ஐவிட அது கூட. இருவருக்கு 1 போடுவது, 1 இல்லாமல் 2 மட்டும் இடுவது, ஒன்றும் இடாமல் மடித்துப் போடுவது, எல்லாம் அதில் அடங்கும். மாதிரி வாக்குச்சீட்டை வைத்து வாசலில் இரண்டு நிமிடம் காட்டிக் கொடுத்தால் இதில் ஒரு பங்கு மீளும்.

வாக்களிப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை

பிரசாரம் முடிந்த பிறகு காசுக்குக் கதவு அடைபடுகிறது. வாக்காளருக்கு உண்ணக் குடிக்கக் கொடுப்பது குற்றம். வாகனம் பிடித்து ஏற்றிப் போவதும் குற்றம். அந்த இரண்டு நாளில் ஒரு பிரசாரத்திடம் இருப்பது, முன்பே செய்து வைத்த வேலை மட்டும்தான்.

2024இல் வாக்களிப்பு ஒரு சனிக்கிழமை, காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை. கொழும்பில் வேலை செய்யும் மலையகப் பொடியன் ஒருவன் வாக்களிக்க வேண்டுமென்றால் வெள்ளி இரவே புறப்பட வேண்டும். தனியார் துறை ஊழியருக்கு வாக்களிக்கச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு: 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கடைப் பொடியன்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். சனிக்கிழமை வியாபார நாள் வேறு.

ஆகவே இரண்டு வாரம் முன்பே கடைக்குள் போய், “அண்ணே, எத்தனை பொடியன்கள் ஊருக்குப் போக வேண்டும்? யார் யாருக்கு எத்தனை நாள் லீவு?” என்று முதலாளியோடு கதைத்துப் பெயர் எழுதி வைத்தவருக்குத்தான் அந்த வாக்குகள். வியாழக்கிழமை இரவு தொலைக்காட்சியில் முழுநேர விளம்பரம் போட முடிந்திருந்தாலும், வெள்ளி மாலை ஏழு மணிக்கு கடையின் ஷட்டர் பாதி இறங்கியபடி நிற்க, உள்ளே கணக்கு முடிக்கும் பொடியனை அது பெஸ்டியன் மாவத்தை பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. எட்டரை பஸ் போய்விட்டால் அடுத்ததில் இடம் இருக்காது. ஹட்டனில் அவன் பெயர் இடாப்பில் இருக்கும், பக்கத்தில் கோடு விழாமலே மாலை நான்கு மணி ஆகிவிடும்.